ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா, தம்பி?

1987ஆம் ஆண்டு. ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாண வரவேற்பு. பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கிறது. மேடையில் உள்ளூர் இசைக்குழு. எஸ்.பி.பி. பாட்டு, மலேசியா வாசுதேவன் பாட்டு என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கச்சேரியில், பந்தி நடக்கும் நேரம் பார்த்து, லீட் கித்தார் வாசித்த இளைஞர் காலடியில் இருந்த சின்னப் பெட்டியை ஒரு மிதி மிதித்தார். அவ்வளவுதான். கித்தார் கரகரத்தது, கத்தியது, ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நீளமாக அழுதது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. தோட்டத்துத் தண்டல் கையில் மோர் டம்ளரோடு மேடையருகே வந்துவிட்டார்.

“தம்பி, ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சு போல. நிறுத்திட்டு வேற மாத்துங்க.”

அந்த இளைஞர் என் தாய்மாமா. நான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் இந்தக் கதையை நூறு முறையாவது கேட்டிருப்பேன். மாமா இதைச் சொல்லும்போதெல்லாம் தண்டலின் அறியாமையை நினைத்துச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். வானொலி வேலைக்கு வந்து, பழைய பாடல்களைத் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது: தண்டல் சொன்னதில் தப்பே இல்லை.

1958இல் அமெரிக்காவில் லிங்க் ரே என்பவர் ‘ரம்பிள்’ என்ற இசையைப் பதிவு செய்தபோது, ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டார். அந்தக் கரகரப்பு வேண்டும் என்றே செய்தது. பாட்டு வரிகளே இல்லாத அந்த இசையைச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன, கேட்டால் இளைஞர்கள் சண்டைக்குப் போவார்களாம்! 1964இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவில் இருந்த டேவ் டேவிஸ், தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கரைச் சவரக் கத்தியால் கீறிவிட்டே வாசித்தார். கிழிந்த ஸ்பீக்கரில்தான் ராக் கித்தாரின் குரல் பிறந்தது. அந்தத் தண்டலுக்கு நல்ல காது.

மாமா இப்போது ஆயர் குரோவில் இருக்கிறார். கோலாலம்பூரிலிருந்து நான் ஊருக்கு வரும்போதெல்லாம், ஆயர் குரோ டோலைத் தாண்டியதும் முதலில் நுழைவது அவர் வீட்டில்தான். எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. எண்பதுகளின் ஹார்ட் ராக் பாடல் ஒன்றிலிருந்து கித்தார் வரும் இடத்தை மட்டும் இரண்டு நொடி ஓட விடுவேன். யார் வாசித்தது என்று அவர் சொல்ல வேண்டும். பத்துக்கு எட்டு சொல்லிவிடுவார். எல்லாம் ஆறு கம்பி, எல்லாம் மின்சாரம், பெரும்பாலும் ஒரே கம்பெனி ஆம்ப். அப்புறம் எப்படி ஒவ்வொன்றும் ஒரு மனிதக் குரல் மாதிரி தனித்துத் தெரிகிறது? பல வாரயிறுதிகள் மாமாவோடு உட்கார்ந்து கேட்டதில் எனக்குக் கிடைத்த பதில் இது.

எல்லாருக்கும் ஒரே தலைவலி

மின்கித்தாரில் கம்பிக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். அதற்குப் பெயர் பிக்கப். கம்பி அதிரும்போது மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப் பெரிதாக்குகிறது, ஸ்பீக்கர் சத்தமாக்குகிறது. அந்தக் காலத்து நல்ல ஆம்ப்களில் இந்தப் பெரிதாக்கும் வேலையைச் செய்தவை கண்ணாடி வால்வுகள். நம் தாத்தாக்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்குள் சிவப்பாகத் தணல் மாதிரி தெரியுமே, அதே வால்வுதான்.

வால்வுக்கு ஒரு குணம். தாங்கக்கூடிய அளவுக்குள் கொடுத்தால் சுத்தமாகப் பாடும். அதற்கு மேல் திணித்தால் உடனே முறியாது, ஒலி அலையின் உச்சியை உருண்டையாக மழுக்கிக் கொடுக்கும். அந்த மழுங்கலில் புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன. சுரம் தடிக்கிறது, கரகரக்கிறது, சீக்கிரம் அடங்காமல் நீள்கிறது. டிரான்சிஸ்டரை அதே மாதிரி திணித்தால் உச்சியைக் கத்தியால் வெட்டினது போலச் சீவிவிடும். அது காதில் குத்தும்.

நமக்கு ஏன் இந்த நீளம் முக்கியம் என்பது புரியும். கமகம் கேட்டுப் பழகிய காது நம்முடையது. சுரம் நீண்டால்தான் அதை வளைக்க முடியும். அதே எண்பதுகளில் மாண்டலின் யு.ஸ்ரீனிவாஸ் சிறுவனாக மேடை ஏறி, நான்கு ஜோடிக் கம்பி கொண்ட மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்மாண்டலினில் கர்நாடக இசை வாசித்தாரே, மின்சாரம் அவருக்குக் கொடுத்ததும் இந்த நீளத்தைத்தான். கரகரப்பு மட்டும் அவருக்குத் தேவைப்படவில்லை.

சரி, தலைவலி எது? வால்வு ஆம்ப் அப்படி இனிமையாக உடைய வேண்டுமென்றால் முழுச் சத்தத்தில் வைக்க வேண்டும். இங்கிலாந்தின் ஜிம் மார்ஷல் 1962 முதல் விற்க ஆரம்பித்த ஆம்ப்களில் 100 வாட் மாடல்தான் ராக் மேடைகளின் அரசன். அதைப் பத்தில் வைத்தால் பக்கத்தில் மனிதர் நிற்க முடியாது. 50 வாட்டாகக் குறைத்தாலும் பெரிய லாபமில்லை. வாட் பாதியானால் சத்தம் 3 டெசிபல்தான் குறையும், காதுக்கு அது கொஞ்சம்தான். நாதம் வேண்டும், ஆனால் கூரை பறக்கக் கூடாது. எண்பதுகளின் ஒவ்வொரு கித்தார் நாயகனும் இந்த ஒரே தலைவலிக்குத் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தேடினான். வைத்தியம் வேறு வேறு என்பதால்தான் குரலும் வேறு வேறு.

மின்சாரத்தைக் குறைத்தவர்

தலைவலியே வேண்டும் என்றவரிலிருந்து ஆரம்பிப்போம். ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங். பள்ளிச் சீருடையில் மேடையெங்கும் ஓடுபவர். கிப்சன் எஸ்ஜி கித்தார், மார்ஷல் ஆம்ப், நடுவில் மிதிபெட்டி எதுவும் கிடையாது. 1980இல் வந்த ‘பேக் இன் பிளாக்’ தொகுப்பைக் கேளுங்கள். எல்லாரும் பயங்கரக் கரகரப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கவனித்தால் அது பாதிதான் உடைந்த ஒலி. ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்கும். ஆளைத் தூக்குவது கரகரப்பு அல்ல, அண்ணன் மால்கமும் அவரும் சேர்ந்து அடிக்கும் அடியும், அடிக்கு அடி நடுவே விடும் மௌனமும்தான். பின்னாளில் தெரியவந்த ஒரு ரகசியமும் உண்டு. கம்பியில்லாமல் ஓடி ஆட அவர் பயன்படுத்திய ஷாஃபர்-வேகா என்ற வானலைக் கருவி, ஒலியைக் கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் தூக்கி ஆம்ப்புக்கு அனுப்பியது. அந்தக் கருவி இல்லாமல் அந்த ஒலியை எட்ட முடியவில்லை என்று பலர் பல வருடம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். வானொலிக்காரியான எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்!

அடுத்து எடி வான் ஹேலன். இவர் பெயரைக் கேட்டிராத தோட்டத்து ஆள்கூட இவர் கித்தாரைக் கேட்டிருப்பார். மைக்கல் ஜாக்சனின் ‘பீட் இட்’ பாட்டு நடுவில் வரும் அந்தப் பாய்ச்சல் இவருடையது. அதற்குக் காசு வாங்கவில்லை. மாமா அந்தக் கல்யாணத்தில் வாசித்ததும் அதுதான், வாசிக்க முயன்றது என்று சொல்வது நியாயம்.

எடி நமக்குக் கொஞ்சம் பக்கத்துச் சொந்தமும்கூட. அப்பா டச்சுக்காரர். அம்மா ஜாவாவின் ரங்காஸ்பித்துங் ஊரில் பிறந்த இந்தோ-ஐரோப்பியப் பெண். 1955இல் எடி நெதர்லாந்தில் பிறந்தார். 1962இல் குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடியேறியது. டச்சுக்காரர் கட்டிய ஸ்டாடைஸ் கட்டடத்தைத் தினமும் கடந்து போகும் மலாக்காக்காரர்களுக்கு, ஜாவாவுக்கும் ஹாலந்துக்கும் நடுவில் பிறந்த ஒரு பிள்ளை என்றால் அந்நியமாகத் தோன்றாது.

அவர் கித்தார் கடையில் வாங்கியதல்ல. மலிவாகக் கிடைத்த உடல் ஒன்று, கழுத்து ஒன்று, பழைய கிப்சன் கித்தாரிலிருந்து கழற்றிய பிக்கப் ஒன்று என்று ஒட்டுப்போட்டு உருவாக்கியது. பிக்கப் தேவையில்லாமல் கீச்சிடாமல் இருக்க அதை உருக்கிய மெழுகில் முக்கினார். (வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பது நினைவுக்கு வருகிறதா? காரணம் வேறு, மெழுகு ஒன்று.)

அவருடைய வைத்தியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருமுறை ஐரோப்பாவுக்காகச் செய்யப்பட்ட 220 வோல்ட் மார்ஷல் ஒன்று அவர் கைக்கு வந்தது. அமெரிக்க வீட்டு மின்சாரமோ 110 வோல்ட். செருகினார், பெட்டி முனகியது. ஆனால் அந்த முனகலில் பத்தில் வைத்தால் வரும் அதே ஒலி! சத்தம் இல்லை, நாதம் இருக்கிறது. பிடித்துக்கொண்டார். முதலில் விளக்கின் ஒளியைக் குறைக்கும் சுவிட்சை வைத்து முயன்று வீட்டு மின்சாரத்தையே போக்கினார். பிறகு வேரியாக் என்ற மின்மாற்றியை வாங்கி, ஆம்ப்புக்குப் போகும் மின்சாரத்தை 90 வோல்ட் அளவுக்குக் குறைத்தார். ‘பிரவுன் சவுண்ட்’ என்று உலகம் கொண்டாடும் அந்த உருண்டைக் குரலில் இந்தக் குறைந்த மின்சாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இதில் குறும்பும் செய்தார். போட்டியாளர்களிடம் மின்சாரத்தைக் கூட்டுகிறேன் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். நம்பிய சிலரின் ஆம்ப்கள் புகைந்தன.

இந்தக் கதையை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ அது ஜெனரேட்டரா?” என்றார்.

அவர் அந்தக் காலத்தில் வைத்திருந்தது, தோட்டத்து கிளப்பில் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பழைய வால்வு ஆம்ப். லயத்துக் கல்யாணங்களில் இரவு பத்து மணிக்கு மேல், விளக்குகளும் விசிறிகளும் மைக்கும் சேர்ந்து ஜெனரேட்டரை இழுக்க, வோல்டேஜ் இறங்கும். குழல் விளக்கு கண் சிமிட்டும். அந்த நேரத்தில்தான் தன் கித்தார் மிக அழகாக ஒலித்தது என்று மாமா எப்போதும் சொல்வார். நாங்கள் அதை அந்த நேரத்து ஊக்க பானத்தின் கணக்கில் எழுதி வைத்திருந்தோம். பாவம், மனிதர் முப்பது வருடத்துக்கு மேலாகச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். (யாரும் இதை வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். வால்வு ஆம்ப்பின் உள்ளே உயிரை எடுக்கும் மின்னழுத்தம் இருக்கிறது.)

மூன்று முறை ஒரே வரி

ராண்டி ரோட்ஸ் கதை வேறு. ஆஸி ஆஸ்போர்னோடு இரண்டே தொகுப்புகள், 1980இலும் 1981இலும். 1982 மார்ச் 19ஆம் தேதி புளோரிடாவில் விமான விபத்து. வயது 25. உயிரோடு இருந்தவரை சுற்றுப்பயணம் போகும் ஊரிலெல்லாம் கிளாசிக்கல் கித்தார் ஆசிரியரைத் தேடிப் பாடம் படித்த பையன்.

அவருடைய மிதிபெட்டி, எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ், தனியாகக் கேட்டால் அப்படியொன்றும் அழகில்லை. கொஞ்சம் தகரம். அதை அவர் எப்படித் தங்கமாக்கினார் என்றால், ஒரே சோலோவை இரண்டு, மூன்று முறை, அச்சு அசலாக, தனித்தனியாக வாசித்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். மனிதக் கை எவ்வளவு துல்லியமாக வாசித்தாலும் மயிரிழை வித்தியாசம் வரும். அந்த மயிரிழைதான் அந்தக் குரலின் பளபளப்பு. ‘கிரேசி டிரெய்ன்’ சோலோவை ஹெட்ஃபோனில் கேட்டால் நடுவில் ஒருவர், இடம் வலமாக அவருடைய நிழல்கள் இருவர் என்று கேட்கும். நாதஸ்வரத்தில் ஜோடியாக வாசிக்கும்போது ஒரு தடிமன் வருமே, அதற்கு மிக அருகில் இருக்கிறது இது. விரைவான வாசிப்பைப் புகழ்பவர்கள் இந்தப் பொறுமையைக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் எண்பதுகளின் மிகச் சிரமமான ஒலி இதுதான்.

ஸ்வீடன்காரர் இங்வே மால்ம்ஸ்டீன் 1984இல் வந்தார். வேகத்துக்காகப் பேசப்படுபவர். நான் கவனிக்கச் சொல்வது அவர் கித்தாரின் கழுத்தை. மெட்டுகளுக்கு நடுவே உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கி வைத்திருக்கிறார். விரல் மரத்தைத் தொடாது, கம்பியை மட்டுமே தொடும். அதனால் சுரத்தை இழுப்பதும் நடுங்க வைப்பதும் எளிது. வீணை வித்வானுக்கு இதை விளக்கவே தேவையில்லை. உயர்ந்து நிற்கும் மெட்டுகளின் மேல் கம்பியை இழுத்துத்தானே அவர் கமகம் வாசிக்கிறார்! சென்னையிலிருந்து கிளம்பிய கித்தார் பிரசன்னா, கர்நாடக இசையை மின்கித்தாரில் வாசித்து, 2006இல் ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்று ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு வணக்கம் வைத்துத் தொகுப்பே வெளியிட்டார். அதையும் இங்வேயையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பிரசன்னாவின் சுரம் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்து அசைகிறது. இங்வேயின் சுரம் சில சமயம் அசைவதற்காகவே அசைகிறது. கோபித்துக்கொள்ளும் ரசிகர்கள் மன்னிக்கவும்.

1987இல் இரண்டு தொகுப்புகள் ஒரே கோடைக்காலத்தில் வந்தன. எதிர் துருவங்கள். ஒன்று கன்ஸ் அன் ரோசஸ். ஸ்லாஷ் கையில் இருந்தது கிப்சன் லெஸ் பால் போலவே கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் செய்த நகல். ஆம்ப், வாடகைக் கடையிலிருந்து எடுத்து வந்த, யாரோ உள்ளே பிரித்து மாற்றியமைத்த மார்ஷல். அது அவ்வளவு பிடித்துப்போய், காணாமல் போய்விட்டது என்று சொல்லி வைத்துக்கொள்ளப் பார்த்ததாகவும், கடைக்காரர்கள் கண்டுபிடித்து எடுத்துப் போனதாகவும் கதை. ஸ்லாஷின் குரல் சூடான குரல். ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ தொடக்கத்தைக் கழுத்தருகே உள்ள பிக்கப்பில் வாசித்திருப்பார், அதனால் முனைகள் மழுங்கி, குழல் மாதிரி வரும். மாமா இதை ஒரு நொடியில் சொல்லிவிடுவார். சுரத்தைப் பிடித்துவிட்டு, கொஞ்சம் காத்திருந்து, பிறகே நடுங்க வைப்பார் ஸ்லாஷ். “அவசரமே படமாட்டான்” என்பது மாமாவின் அடையாளக் குறிப்பு.

மற்றது டெஃப் லெப்பர்டின் ‘ஹிஸ்டீரியா’. இங்கே ஆம்ப்பே கிடையாது என்று சொல்லிவிடலாம். பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ், எம்ஐடியில் படித்த பொறியியலாளர். சத்தத் தலைவலிக்கு அவர் கண்டுபிடித்த மருந்து ராக்மேன் என்ற பெட்டி. இடுப்பில் மாட்டிக்கொண்டு ஹெட்ஃபோனில் கேட்கலாம், பக்கத்து அறைக்குத் தெரியாது. ‘ஹிஸ்டீரியா’வின் கித்தார்களில் பெரும் பகுதி இதன் வழியாகப் பதிவானது. தயாரிப்பாளர் மட் லாங்கே சில இடங்களில் ஒரு கார்டின் சுரங்களைக்கூட ஒவ்வொன்றாக வாசிக்க வைத்து அடுக்கினார். கண்ணாடி மாதிரி ஒலி. எங்கள் விளையாட்டில் மாமா தோற்றது இதில்தான். “இது கித்தாரே இல்லம்மா, கீபோர்டு” என்று அடம் பிடித்தார். முழுத் தவறு என்றும் சொல்ல முடியாது.

நம் ஊர்க் கோடரி

இதெல்லாம் மேற்கே. அதே வருடங்களில் நம் நாட்டில் வீசிய புயலுக்கு ‘ராக் கப்பாக்’ என்று பெயர். கப்பாக் என்றால் கோடரி. 1981இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய சர்ச் குழு 1985இல் ‘சிந்தா புவாத்தான் மலேசியா’ தொகுப்பை வெளியிட்டது. லெஃப்ட்ஹேண்டட் குழுவின் பெயரே அதன் கித்தார் கலைஞர் மான் கிடாலின் இடக்கையிலிருந்து வந்தது. கிடால் என்றால் இடக்கைக்காரர். 1988இல் விங்ஸ் குழுவின் ‘ஹுக்கும் கர்மா’, 1989இல் எம்.நாசிர் இசையமைத்த ‘இசபெல்லா’. அந்தக் கேசட் ஓடாத விரைவுப் பேருந்து அன்று வடக்கு தெற்கில் இருந்திருக்காது. தமிழ்ப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் ஒரே பாட்டை ஒரே சாலையோரக் கடையில் உட்கார்ந்து கேட்ட காலம். 1992இல் நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்களுக்கு ஆர்டிஎம்மில் இடமில்லை என்று ஆகி, அவர்கள் முடியை வெட்டிக்கொண்டது வரை அந்த அலை அடித்தது.

கோடரி என்று பெயர் வைத்தார்களே தவிர, என் காதுக்கு ராக் கப்பாக்கின் உயிர் மெதுவான பாட்டுகளில்தான் இருக்கிறது. முதலில் கோரஸ் பெட்டி வழியாகத் தண்ணீரில் நனைந்தது போன்ற சுத்தமான கித்தார். பாடகரின் குரல் உச்சத்துக்குப் போன பிறகு கரகரக் கித்தார் வந்து அந்த அழுகையைத் தொடரும். மலாய்ப் பாட்டின் இழுவையும் அலைவும் அந்த சோலோக்களில் இருக்கும். சர்ச்சின் தொடக்க காலத் தொகுப்புகளில் ஹிலாரி ஆங் வாசித்ததைக் கேட்டால், சுரங்களைக் கொட்டாமல் பாட்டைப் பாடிக் காட்டுவது போலத் தெரியும். மான் கிடால் அதைவிட முரட்டு ஆள், கம்பியைப் பிடித்து உலுக்குவார்.

மாமாவுக்கு இவர்கள்தான் உண்மையான குருக்கள். மார்ஷல் ஆம்ப்பை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து கூட்டாளி வாங்கி வந்த ஜப்பானிய மிதிபெட்டி ஒன்று, கிளப் ஆம்ப், கேசட். தேய்ந்த கேசட்டிலும் மத்திய அலை வானொலியிலும் கேட்டே கற்றுக்கொண்டார். அதில் எப்படி இந்த நுணுக்கம் தெரிந்தது என்று கேட்பீர்கள். கித்தார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் தராது. மத்திய அலை ஏறக்குறைய அந்த எல்லை வரை கொண்டு வந்துவிடும். வயலினும் சிம்பலும் அந்த ஒலிபரப்பில் பாதி செத்துப்போகும், ராக் கித்தார் மட்டும் கிட்டத்தட்ட முழுசாக வீடு வந்து சேரும்.

நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

சென்ற ஆண்டு மாமாவின் மகன் அவருக்கு ஒரு சின்ன டிஜிட்டல் பெட்டி வாங்கிக் கொடுத்தான். சில நூறு வெள்ளி. உள்ளே மார்ஷல் இருக்கிறது, வான் ஹேலனின் ஒலி என்று பெயர் போட்டே இருக்கிறது, ராக்மேனும் இருக்கிறது. ஒரு பொத்தான் போதும். மாமா குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். ஆனால் அவர் வாசிக்க ஆரம்பித்தால் வீட்டில் யாரும் உட்கார முடியவில்லை. ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருப்பி வைத்திருப்பார். கண்ணாடியைக் கீறுவது மாதிரி இருக்கும். அத்தை கொல்லைக்குப் போய்விடுவார். “இப்பதான் சரியா இருக்கு” என்பார் மாமா. குறைத்து வைத்தால், “கம்பளியப் போத்தின மாதிரி இருக்கு. பழைய ஆம்ப் மாதிரி வராது” என்று அலுத்துக்கொள்வார்.

பெட்டி மட்டம் என்றுதான் நானும் நினைத்தேன். பழைய ஆம்ப்பை விற்கலாமா என்று பேச்சு வந்தபோது, வேண்டவே வேண்டாம், அதில்தான் உண்மையான ஒலி என்று நான் பெரிய பேச்சே பேசினேன். பிறகு ஒரு நாள் காரில் போகும்போது கவனித்தேன். சிக்னல் விளக்கின் டிக் டிக் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. காதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். தாளில் கோடு நன்றாகத்தான் தொடங்கியது. 4000 ஹெர்ட்ஸுக்கு வந்ததும் பள்ளத்தில் விழுந்தது.

அதிகச் சத்தத்தால் வரும் காதுக் கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குமாம். கித்தாரின் கூர்மை, அந்தக் கடி இருப்பதும் அதே பகுதியில்தான். 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். மாமா பத்து வருடத்துக்கு மேல், வாரயிறுதி தவறாமல், நான்கு மணி நேரம், இடக் காதுக்குப் பக்கத்தில் டிரம்ஸும் பின்னால் ஆம்ப்பும் வைத்து நின்றவர். ஏசி/டிசியின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல், தொடர்ந்தால் செவிடாகிவிடுவீர்கள் என்று மருத்துவர்கள் எச்சரிக்க, சுற்றுப்பயணத்தின் நடுவே விலகிய செய்தியை நானே வானொலியில் வாசித்திருக்கிறேன். அந்தச் செய்தியை எங்கள் வீட்டோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அப்படியென்றால் கித்தாரின் கடி காதில் விழாத ஒருவர், இரண்டு நொடியில் எப்படிப் பத்துக்கு எட்டு சொல்கிறார்? மறுபடியும் உட்கார்ந்து விளையாடினோம். இந்த முறை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். கரகரப்பைப் பற்றி அவர் ஒரு முறைகூடப் பேசவில்லை. “சுரத்துக்குக் கீழேருந்து வருவான்.” “இவன் நடுக்கம் வேகமா இருக்கும், பதட்டக்காரன்.” “தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால உக்காருவான்.” எல்லாம் கையைப் பற்றிய பேச்சு. ஆம்ப்களைப் பற்றி நான் இவ்வளவு நேரம் எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றில் பாதியைத் தொலைத்த பிறகும் ஆளை அடையாளம் காணும் அளவுக்கு மீதி இருக்கிறது.

மாமாவுக்கு இப்போது காதுக் கருவி இருக்கிறது. வாசிக்கும்போது போடமாட்டார், விசில் அடிக்கிறதாம். அதனால் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். நான் பெட்டியின் முன் உட்கார்ந்து, எங்கள் காதுக்குச் சரியாக வரும் இடத்தில் ட்ரெபிள் குமிழை நிறுத்தினேன். அத்தை தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து வந்து அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். அதைத் தாண்டக் கூடாது. மாமாவும் தலையாட்டிவிட்டார். ஆனால் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தாண்டுகிறார் என்று அத்தை சொல்கிறார். பாசாரிலிருந்து திரும்பினால் முதலில் குமிழைத்தான் பார்ப்பாராம். புள்ளியிலேயேதான் நிற்குமாம், ஆனால் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் இருக்குமாம்.